கழுவாத ஒரு சாண்

ஈசூன், புளோக் 418, கீழ்த்தளம்.
சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும் மூலையில்தான்
முதலில் பார்த்தேன்.
இரவு வேலை முடிந்து வருகிறேன்,
கையில் இரண்டு பிராட்டா, இன்னும் சூடு.
தூணில் மெல்ல முட்டி,
மன்னிப்புக் கேட்பதுபோல் அதை ஒருமுறை உரசிவிட்டு
நகர்ந்தது ஒரு சாம்பல் பூனை.

வலக்கண் கஞ்சித் தண்ணீர்.
இடக்கண் ஒட்டிய கடித உறை.
மடி கனத்துத் தொங்கியது.
அப்படியென்றால் எங்கோ குட்டிகள்.

தீயணைப்புக் குழாய்க் கதவின் பின்னால்
யாரோ போட்டுவிட்டுப் போன ரைஸ் குக்கர் பெட்டியில்
நான்கு.
மூன்று கறுப்பு, ஒன்று அவளைப்போல்.
அவள் மூக்கால் எண்ணினாள்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
நம்பாமல், மறுபடி ஒன்று.

அன்று பிற்பகல் சுமத்ரா காற்று.
சாரல் பெட்டிவரை வந்துவிட்டது.
நான் நல்லவன் அல்லவா,
பெட்டியை எட்டடி தள்ளி
தபால் பெட்டிகளுக்கு அடியில் வைத்தேன்.
நனைந்த துணியை எறிந்துவிட்டு
துவைத்த துண்டு விரித்தேன்,
லாவெண்டர் மணக்கும் துண்டு.
என் முதுகை நானே தட்டிக்கொண்டு
தூங்கப் போனேன்.

மாலையில் இறங்கி வந்தால்
பழைய இடத்தில் நிற்கிறாள்.
வெறும் சிமெண்டை முகர்கிறாள்.
எட்டடியில் குட்டிகள் கத்துகின்றன.
கத்தலைத் தூணுக்குத் தூண் எறிந்து
விளையாடுகிறது கீழ்த்தளம்.
எது பிள்ளை, எது தூண்?
ஒவ்வொன்றாகப் போய் மோதிப் பார்த்தாள்.

அவித்த மீனோடு வந்த திருமதி குவெக்
"நீயா நகர்த்தினாய்?" என்று மட்டும் கேட்டார்.
திட்டியிருந்தால் தேவலை.
அந்த நாற்றத் துணியைத் தேடி
இரண்டு பேரும் குப்பைத்தொட்டிக்குள் குனிந்தோம்.
அவருக்கு வயது எழுபத்தொன்று.
துணி கிடைத்ததும் கொடியைப்போல் தூக்கிக் காட்டினார்.

மொனிருல் தினமும் காலை ஆறரைக்கு
சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்ப்பவர்.
அவருக்கு அது வேலை.
அவளுக்கோ இரவெல்லாம் வரைந்த தெரு
விடிந்ததும் காணாமல் போவது.
என் அரைகுறை ஆங்கிலமும்
அவருடைய அரைகுறை ஆங்கிலமும் சேர்ந்து
எப்படியோ ஒரு முழு வாக்கியம் ஆனது:
பெட்டியிலிருந்து மீன் தட்டுவரை
கொஞ்சம் கழுவாமல் விடுங்கள்.
எவ்வளவு அகலம் என்றார்.
சாண் விரித்துக் காட்டினேன்.
பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தார்.
அவர் கை பெரியது.
"என் கை அளவே இருக்கட்டும்."

கண்ணுக்குச் சொட்டு மருந்து, நாளுக்கு மூன்று வேளை.
வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சும்,
உருவம் மிஞ்சாது என்றார் மருத்துவர்.
வருவது நான்தான் என்று தெரிய
செருப்பை இழுத்து இழுத்து நடக்கப் பழகினேன்.
அப்படியும் கீறினாள்.
தொழிற்சாலையில் சூப்பர்வைசர்
என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு
வீட்டில் எல்லாம் சரிதானே என்றார்.

மேல்மாடியிலிருந்து யாரோ புகார் கொடுத்தார்கள்.
நகர மன்றத்து அதிகாரி வந்து
அழுக்குப் பட்டையைப் படம் எடுத்தார்.
"பெயிண்ட் கறை, சார். தேய்த்துப் பார்த்தாயிற்று,
போகவே இல்லை."
பொய் சொல்லும்போது மொனிருலின் ஆங்கிலத்தில்
ஒரு பிழையும் இல்லை.

குட்டிகள் போய்விட்டன.
இரண்டை ரொஸ்னா வீட்டுப் பிள்ளைகள்
பள்ளிப் பையில் வைத்துக் கொண்டுபோனார்கள்.
ஒன்று செம்பவாங்கில்.
சாம்பல் நிறத்தது ஒரு பேருந்து ஓட்டுநரிடம்;
முன்கண்ணாடி வழியே ஊர் முழுக்கப் பார்க்கும் என்று
திருமதி குவெக் கற்பனை செய்துகொள்கிறார்.
பேருந்தில் பூனை ஏற்றமாட்டார்கள்.
நான் சொல்லவில்லை.

அவளுக்குக் கருத்தடை ஆயிற்று.
இடக்காது நுனியைக் கத்தரித்துத்
திரும்ப விட்டார்கள்.
வந்து இறங்கியதும் நேரே பெட்டிக்குப் போய்
துணியை எண்ணினாள்.
ஒன்றுமில்லை.
மறுபடி எண்ணினாள்.

இன்று காலை மழை.
தரை முழுக்க ஒரே ஈரம்,
பட்டை எது, தரை எது என்று எனக்கே தெரியவில்லை.
அவள் மட்டும் கோணாமல் நடந்து வந்து
தட்டருகே நின்று
என் செருப்பை முகர்ந்தாள்.
பிறகு மற்றதை.